ஃப்ளாட்டா, ரவுண்டா?

அடி அண்ணாமலை
11 பிப்ரவரி 2024

அன்புள்ள மாறன் அண்ணனுக்கு,

தம்பி வல்லரசு எழுதுகிறேன். இங்கே பெரியம்மா சுகம். நெற்றியில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள். தழும்பு தெரியாமல் முடியை முன்னால் இழுத்து வாரிக்கொள்கிறார். என் அப்பாவும் நலம். உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தூக்கம் வருகிறதா என்று பெரியம்மா கேட்கச் சொன்னார்.

மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாதாம். கடிதம் மட்டும் எழுதலாம், அதுவும் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டவர் முகவரிக்கு மட்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டது நான். அதனால் நீ யாருக்கு எழுதினாலும் என் கைக்குத்தான் வரும்.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். செங்கம் ரோடு கஃபே மாடியில் நம் பாண்ட் வாசிக்கிறதை நிறுத்த முடியாதாம். "மாறன் வர்ற வரைக்கும் நீ பேஸ் புடி வல்லரசு. வேற ஆள் தேட எனக்கு நேரமில்ல"ன்னு ஓவியா சொன்னாள். பாண்டை நடத்துவதும் அவள், பாடுவதும் அவள். எப்படி மறுப்பது? உன் பேஸ் கிடாரை உன் அறையிலிருந்து எடுத்துவந்தேன். இத்தனை வருடமும் உன் ஆம்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறியவன், டாம்பரின் தட்டியவன். நீ வாசித்ததைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன் இல்லையா, ஏதோ சமாளிக்கிறேன்.

மெல்லிய கம்பி அறுந்துவிட்டது. மற்ற மூன்றும் பழசு. செட்டாக மாற்றலாம் என்று சென்னைக் கடைக்குப் போன் போட்டால், "ஃப்ளாட்டா, ரவுண்டா?" என்று கேட்கிறார்கள். எது என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள தம்பி,
வல்லரசு


மறுவாழ்வு இல்லம்
24 பிப்ரவரி 2024

வல்லரசுக்கு,

நலம். அம்மா நலம் என்று எழுதியதற்குச் சந்தோஷம். தையலைப் பற்றி அடுத்தமுறை எழுதாதே. அந்தத் தாம்பாளத்தை நான் விட்டெறிந்தது எனக்குத் தெரியும். தினமும் காலையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அதைச் சொல்லவைக்கிறார்கள்.

என் அறைக்குள் போகவும் பேஸைத் தொடவும் உனக்கு யார் சொன்னது? சரி, ஓவியா சொன்னாள். இரண்டு கம்பிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருத்தன் கையில் அது இருக்கிறது என்று நினைத்தால் இங்கே வந்தபின் முதல்முறையாகக் குடிக்கத் தோன்றுகிறது.

கேட்டுக்கொள். ரவுண்ட் என்றால் உருண்டைக் கம்பியைச் சுற்றியது. விரலை ஓட்டினால் அரம் மாதிரி நரநரவென்று இருக்கும். சத்தம் பளிச்சென்று வரும், கூச்சல் போடும். ஃப்ளாட் என்றால் தட்டை நாடாவைச் சுற்றியது. தொட்டால் வழுவழுவென்று இருக்கும். சத்தம் அடியிலிருந்து வரும், ஆனால் அறை முழுக்க நிற்கும்.

ஃப்ரெட், அதுதான் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி, இருக்கிற பேஸுக்கு எதை வேண்டுமானாலும் போட்டுத் தொலை. இதில் ஃப்ரெட் இல்லை. வாங்கும்போது இருந்த ஃப்ரெட்டை ஒவ்வொன்றாகக் குறடு வைத்துப் பிடுங்கியது நான். பள்ளத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்ததும் நான். மேலே எந்தப் பூச்சும் கிடையாது. வெறும் ரோஸ்வுட் பலகை. கம்பி நேராக மரத்தின்மேல் உட்கார்ந்து பேசுகிறது. அங்கே ரவுண்டைப் போட்டால் ஒவ்வொரு சுரத்துக்கும் பலகையை அறுக்கும்.

ஆகவே ஃப்ளாட். வேறு எதையும் தொடாதே. எருமைக் காது உனக்கு என்று நான் சும்மா சொல்லவில்லை. சுரம் தப்பினால்கூட உனக்குத் தெரியாது, ஆனால் பலகை தப்பினால் எனக்குத் தெரியும்.

மூன்று மாதம் என்று சொல்லித்தான் சேர்த்தீர்கள். பங்குனி உத்திரத்துக்குள் வந்துவிடுவேன். அம்மாவை வெயிலில் மோர்க் கடையில் உட்காரவிடாதே. சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

மாறன்


அடி அண்ணாமலை
2 ஏப்ரல் 2024

அன்பு அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மலையில் ஒரு பச்சை கிடையாது.

கடையில் ஃப்ளாட் இருப்பு இல்லை, வரவழைக்க நாளாகும் என்றார்கள். சனிக்கிழமை கச்சேரி இருந்தது. ரவுண்டையே போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சத்தம் நீ சொன்ன மாதிரி பளிச்சென்றுதான் இருக்கிறது. மாடியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். தபேலா தசரதன் சொன்னான்: "இவ்ளோ நாளா பேஸ்னு ஒண்ணு இருந்ததே தெரியல. இப்பத்தான்யா காதுல வுழுது." அவன் விளையாட்டுக்குச் சொல்கிறவன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்னொன்று. உன் இல்லத்திலிருந்து போன் வந்தது. மூன்று மாதம் முடிகிறது, வீட்டில் தயாரா என்று கேட்டார்கள். பெரியம்மாவைக் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தால்கூட இன்னும் திடுக்கிட்டு எழுந்து நிற்கிறார். "இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும்பா"ன்னார். சித்திரை முடியட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உன் நல்லதுக்குத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரையை விடாதே.

உன் தம்பி,
வல்லரசு


மறுவாழ்வு இல்லம்
9 ஏப்ரல் 2024

வல்லரசு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

கழற்று. இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே அந்தக் கம்பிகளைக் கழற்று. ஃப்ளாட் வருகிறவரை பேஸைப் பெட்டியில் வைத்து மூடு. பலகையில் விரலை வைத்துக் குறுக்காக ஓட்டிப் பார். நகம் தட்டுகிறதா? தட்டினால் கோடு விழுந்துவிட்டது என்று அர்த்தம். நான் பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையை உடைத்திருப்பேன்.

சித்திரை முடிகிறவரை என்று நீ எப்படிச் சொல்லலாம்? நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. இங்கே வாரம் ஒருமுறை வரும் டாக்டரே என்னை அனுப்பலாம் என்கிறார். ஆனால் ஆபீசில், வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் திறக்க மாட்டோம் என்கிறார்கள். கட்டணம் வந்துகொண்டிருக்கிறவரை அவர்களுக்கு என்ன அவசரம்? வீட்டுக்காரர் என்றால் நீயாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு ஒரு நாள் முழுக்க வராந்தாவில் நிற்கவைத்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் உன்னிடம் கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டு. வந்து கூட்டிப்போ என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

மாறன்


அடி அண்ணாமலை
5 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கோபம் தணிந்து, உடம்பும் மனசும் லேசாகியிருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் நிற்க இடமில்லை. பெரியம்மா கடையில் மோர் விற்றுத் தீர்ந்தது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

பெரியம்மாவுக்குக் கடிதத்தைப் படித்தேன். எல்லாவற்றையும் படிக்கவில்லை. "இங்கே இருந்தால் செத்துவிடுவேன்" என்ற இடத்தை எப்படி வாய்விட்டுப் படிப்பது? "நன்றாக இருக்கிறேன், இன்னும் சில மாதம் இருந்தால் முழுசாகக் குணமாகிவிடுவேன்" என்று படித்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் புள்ளைக்குப் புத்தி வந்துடுச்சு"ன்னார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டுகிறது. நீ அதிகம் வாசிக்கும் இடத்தில் நல்ல பள்ளம். உள்ளங்கை ரேகை மாதிரி இருக்கிறது.

நீ கையை உடைப்பேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் வாயிலிருந்து இதைவிட ஜாஸ்தி கேட்டவன். அந்த மாடிப்படியில் ஆம்ப்போடு நான் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தபோது, எல்லார் முன்னாலும் "ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆவலியே?"ன்னு கேட்டாய். ஓவியாகூடச் சிரித்தாள். நீ மறந்திருப்பாய்.

நல்ல சேதி ஒன்று. போன குளிர்காலத்தில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய அந்தப் போர்ச்சுகல் அம்மா நம் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனாரே, அவர் ஊரில் ஆகஸ்ட் கடைசியில் இசை விழாவாம். பாண்டை அழைத்திருக்கிறார்கள். டிக்கெட் அவர்களே எடுக்கிறார்கள். ஓவியா துள்ளிக் குதித்தாள். ஆனால் ஒரு சிக்கல். அவர்கள் கேட்டது உன் பேஸை. "ரவுண்ட்ல கொசு கத்துற மாதிரி இருக்கு, பழைய சத்தம் வேணும்"னு ஓவியா பிடிவாதம் பிடிக்கிறாள்.

எப்படி அந்தச் சத்தத்தைக் கொண்டுவருவது என்று எழுது. அது எனக்காக இல்லை, உன் இடத்தைக் காப்பாற்றத்தான். நீ சொல்லிக்கொடு, ஆனியில் நானே பெரியம்மாவோடு வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிவருகிறேன்.

தம்பி வல்லரசு


மறுவாழ்வு இல்லம்
18 மே 2024

அன்புத் தம்பி வல்லரசுக்கு,

நீயும் அம்மாவும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்.

மாடிப்படியில் நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைக் கேட்டிருக்கக் கூடாது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். முதலில் ஃப்ளாட் வரவழை. எவ்வளவு நாளானாலும் காத்திரு. பள்ளம் விழுந்த இடத்தை மிக நைசான உப்புத்தாள் வைத்து, மரம் ஓடும் வாக்கிலேயே, கோபம் இல்லாமல் தேய். குறுக்காகத் தேய்க்காதே. பிறகு ஒரு துளி எண்ணெய், துணியில் தொட்டு.

ஃப்ரெட் பிடுங்கிய இடத்தில் மெல்லிய கோடு தெரியும். மற்றவர்கள் கோட்டுக்கு முன்னால் விரல் வைப்பார்கள். நீ கோட்டின்மேலேயே வை. நுனியை வைக்காதே, சதையை வை. கண்ணால் பார்த்து வைத்தால் எப்போதும் தப்பும். ஓவியா மூச்சு எடுப்பதைக் கேள். அவள் சுரத்துக்கு வருவதற்கு முன்னால் நீ போய்விடாதே. அவள் வந்ததும் கீழே இருந்து மெல்ல ஏறி அவளைத் தொடு. விரலை இம்மி அசை. மரம் முனகும். ஃப்ளாட்டில்தான் அந்த முனகல் வரும். ரவுண்டில் வருவது வேறு, அது அழுகை.

தவறு செய்தால் நிறுத்தாதே. வழுக்கிச் சரியான இடத்துக்குப் போ. கேட்கிறவனுக்கு அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

என் இடதுகை விரல் நுனியில் இருந்த காய்ப்பெல்லாம் உரிந்துவிட்டது. இப்போது குழந்தை விரல் மாதிரி இருக்கிறது. இரவு படுத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் வாசித்துப் பார்க்கிறேன். பக்கத்துக் கட்டில் முருகவேல் என்னைப் பற்றி டாக்டரிடம் சொல்லிவிட்டான். அதனால் மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. அதைப் போட்டால் நாக்கு தடிக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

ஆனி என்று எழுதியிருக்கிறாய். நான் நம்புகிறேன். எந்த நாள் என்று மட்டும் ஒரு கார்டு போட்டால் போதும். போர்ச்சுகலுக்கு நீயே போ. நான் வீட்டில் இருந்தால் போதும்.

உன் அண்ணன்,
மாறன்


அடி அண்ணாமலை
29 ஜூலை 2024

அன்பு அண்ணனுக்கு,

நெடுநாளாக எழுதாததற்கு மன்னித்துக்கொள். இடையில் நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்தன. வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆடி மாதம் என்பதால் பெரியம்மா அம்மனுக்குக் கூழ் ஊற்றினார், உன் பெயரில்தான்.

ஆனியில் வர முடியவில்லை. பாஸ்போர்ட், விசா என்று சென்னைக்கும் இங்கேயுமாக அலைந்தேன். எல்லாம் கிடைத்துவிட்டது.

ஃப்ளாட் வந்தது. நீ சொன்னபடியே தேய்த்து, எண்ணெய் வைத்து, மாட்டினேன். கோட்டின்மேல் சதையை வைத்தேன். ஓவியா மூச்சு எடுப்பதைக் கேட்டேன். ஒருநாள் ஒத்திகையில் அந்த முனகல் வந்தது அண்ணா. ஓவியா பாட்டை நிறுத்திவிட்டாள். கண் மூடியிருந்தாள். திறந்து என்னைப் பார்த்து, "மாறன் வந்துட்டான்னு நெனச்சேன்"னா.

நான் வாசித்தேன். என் கை. என் விரல் கொப்பளம். அவளுக்கு அங்கே நீதான் தெரிந்தாய்.

உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் உன் இல்லத்திலிருந்து, "அவரை அனுப்பிடலாம், நல்லா இருக்காரு"ன்னு போன் வந்தது. "வீட்ல யாரும் தயாரா இல்ல சார், இன்னும் வெச்சிருங்க"ன்னு நான்தான் சொன்னேன். கார்த்திகை வரைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கஃபேயில் உன் இடத்தில் உட்கார்ந்து நான் வாசிக்கிற காசு உன் கட்டணத்துக்குப் போகிறது. உன்னை நீயே அங்கே வைத்துக்கொண்டிருக்கிற மாதிரிதான். ஓவியாவிடம், நீ வர விருப்பமில்லை என்று எழுதியதாகச் சொல்லிவிட்டேன். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தாள். பிறகு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது ஒரு தொந்தரவு. ஃப்ளாட் கம்பிக்கு இழுவை ஜாஸ்தி போலிருக்கிறது. பேஸின் கழுத்து முன்பக்கம் வளைந்து, கம்பி பலகையை விட்டு எட்டி நிற்கிறது. அழுத்தினால் சுரம் மேலே போகிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்பு ராடை முறுக்கினால் நிமிரும் என்கிறார்கள். யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறான். இது உன் கையால் பிடுங்கி அடைத்த கழுத்து. இதன் குணம் உனக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்க வேண்டும்?

என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். அதன்மேல் இருக்காது. பெற்ற தாயைவிட அதை நீ ஜாஸ்தி பார்த்துக்கொண்டவன், அதற்கு ஒரு கெடுதல் வர விடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகஸ்ட் மூன்றாம் வாரம் கிளம்புகிறோம். உடனே எழுது.

வல்லரசு


மறுவாழ்வு இல்லம்
6 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நானும் நலமாக இருக்கிறேன். இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன்.

கழுத்து வளைவது ஃப்ளாட்டுக்கு இயல்புதான், பயப்படாதே. தலைப்பக்கம் ஒரு சிறிய மூடி இருக்கும். திறந்தால் ராடின் முனை தெரியும். அதற்கான சாவி என் பெட்டியின் உள்பையில் இருக்கிறது.

கம்பிகளைத் தளர்த்த வேண்டாம். சுருதி கூட்டி, முழு இழுவையில் இருக்கும்போதே முறுக்கு. அப்போதுதான் எவ்வளவு நிமிர்கிறது என்று தெரியும். வலப்பக்கமாக முறுக்கு. பழைய கழுத்து, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கால் சுற்றில் நிறுத்துகிறவர்கள் கோழைகள். இனி நகராது என்று தோன்றும். அதற்குப் பிறகும் கொஞ்சம் போகும். மரம் முறுமுறுவென்று சத்தம் போட்டால் நிறுத்திவிடாதே. அது இடம் பிடிக்கிற சத்தம். அதைத் தாண்டி ஒரே மூச்சில் இறுக்கு.

கிளம்புவதற்கு முதல் நாள் செய். முன்னாலேயே செய்தால் மறுபடி வளைந்துவிடும்.

பயணம் நல்லபடியாக அமையட்டும். ஓவியாவுக்கும் தசரதனுக்கும் என் வாழ்த்து. அம்மாவின் காலில் விழுந்து விபூதி வாங்கிக்கொண்டு கிளம்பு.

அன்புடன்,
மாறன்


அடி அண்ணாமலை
21 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். எல்லோரும் சுகம். பெரியம்மாவுக்கு ஒரு போர்வை வாங்கிவந்தேன். இந்த வெயிலிலும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உனக்கு ஜலதோஷம் என்று ஆபீசில் சொன்னார்கள். சரியாகிவிட்டதா?

நீ எழுதியபடியே கிளம்புவதற்கு முதல் நாள் முறுக்கினேன். முறுமுறுவென்றது. நீ சொன்னாயே என்று நிறுத்தவில்லை. திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பலகை கழுத்திலிருந்து பிளந்து எழுந்துவிட்டது. பின்பக்கம் கழுத்தே நீளவாக்கில் விரிந்துபோனது. மெல்லிய கம்பி தெறித்து என் கன்னத்தில் கிழித்தது. கண்ணுக்குக் கீழே, நூலிழையில் தப்பினேன்.

சென்னையில் ஒரு ரிப்பேர்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கம்பியத் தளர்த்தாம முறுக்கச் சொன்னது யாரு? ஒண்ணு முட்டாளா இருக்கணும், இல்ல ஒங்க எதிரியா இருக்கணும்." தேறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனாலும் விழா நின்றுபோகவில்லை அண்ணா. அங்கே போனதும் ஒரு பேஸ் கொடுத்தார்கள். ஃப்ரெட் வைத்தது, ரவுண்ட் கம்பி. எங்கே விரல் வைத்தாலும் சுரம் சரியாக விழுகிறது. கடற்கரையில் அத்தனை கூட்டம். நன்றாக வாசித்தேன் என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒருத்தர்கூட ஃப்ரெட் எங்கே, ஃப்ளாட் எங்கே என்று கேட்கவில்லை. ஓவியாவும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நான் செய்ததற்கு நீ செய்தது சரியாகப் போயிற்று என்றே வைத்துக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தெரிந்துதான் எழுதினாயா? மறைக்காமல் ஒரு வார்த்தை எழுது. வருகிற மஹாளய அமாவாசைக்குப் பெரியம்மாவோடு வந்து உன்னைக் கூட்டிப்போகிறேன். பெரியப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் நீதான் விடவேண்டும்.

தம்பி வல்லரசு


மறுவாழ்வு இல்லம்
26 செப்டம்பர் 2024

வல்லரசுக்கு,

ஜலதோஷம் விட்டுவிட்டது. அம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று படித்தபோது நன்றாக இருந்தது.

தெரிந்துதான் எழுதினேன். அந்தக் கழுத்து எவ்வளவு தாங்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எழுதும்போதே அது பிளக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் பேனாவை எடுத்துவிட்டுக் கேட்டேன். முதலில் முறுமுறுப்பு, பிறகு பசை விடுகிற சத்தம், பிறகு அது. கட்டிலில் படுத்துக்கொண்டு அன்றைய தேதியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதத்தில் எனக்கு இருந்த ஒரே கச்சேரி அதுதான்.

அது உன் கையில் பாடியது என்று எழுதினாயே, அதற்குப் பிறகு அது உயிரோடு இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. வேறொருத்தன் கையில் இருப்பதைவிட அது செத்துப்போகட்டும் என்று நினைத்தேன். உன் கண் போயிருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். கம்பி கன்னத்தோடு நின்றது என்று படித்தபோது கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. நீ உண்மை கேட்டாய், சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்குள் ஒன்றும் இல்லை. உன்மேல் கோபமும் இல்லை. பேஸ் வேண்டாம், பாண்ட் வேண்டாம். அமாவாசைக்கு வா. அப்பாவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அம்மா கடையில் மோர் ஊற்றிக்கொண்டு கிடப்பேன். அம்மாவை முன்சீட்டில் உட்காரவை, பஸ்ஸில் குமட்டும்.

மாறன்


அடி அண்ணாமலை
14 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலமே. நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய விருப்பமும்.

மஹாளய அமாவாசையன்று உன் வாசல்வரை வந்தேன். பெரியம்மாவையும் கூட்டிவந்தேன், முன்சீட்டில்தான் உட்காரவைத்தேன். டாக்டர் அன்றைக்கு வந்திருந்தார். உன்னை அழைத்துப்போகலாம், மருந்துகூடக் கம்மி பண்ணிவிட்டேன் என்றார். "போறதுக்கு முன்னாடி இதை ஒரு பார்வை பாத்துடுங்க சார்"னு உன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்தேன். ஆகஸ்டில் எழுதியதையும் சேர்த்துக் கொடுத்தேன். கன்னத்தையும் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு உன் சிகிச்சை அட்டையை வாங்கி எழுத ஆரம்பித்தார்.

பெரியம்மா, என்ன என்று கேட்டார். அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கடிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். இந்த முறை ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை. முடிந்ததும் நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அது மேல உசுரையே வெச்சிருந்தானே. அதையே ஒடைக்கச் சொன்னவன் என்னை வுட்டுவெப்பானா? இங்கியே இருக்கட்டும்பா."

நீ உள்ளே கூடத்தில் துணிமணியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகக் காவலாளி சொன்னார். பெரியம்மா பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டோம். பெரியப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் நானே விட்டேன்.

இனி கையெழுத்துக்கு என்னை அலைய வைக்க மாட்டார்களாம். டாக்டரே பார்த்துக்கொள்வாராம். உன்னை முதல் மாடிக்கு, கம்பி போட்ட பக்கம் மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அங்கே இருப்பவர்களுக்குக் கூரான எதுவும் தருவதில்லையாம். பேனாவும் அதில் சேர்த்தி. அதனால் பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன், நீயும் எழுத முடியவில்லையே என்று வருத்தப்படாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

என்றும் பிரியமுள்ள தம்பி,
வல்லரசு